சிறைக்குப் பதில் பள்ளி

வயிற்றுப்பசிக்குத் திருடிய சிறுவனையும் வளர்ந்த கைதிகளோடு சிறையில் அடைப்பது சகஜமாயிருந்த காலத்தில், அவனுக்கு வேண்டியது தண்டனையன்று, அன்பும் கல்வியும் கைத்தொழிலுமே என்று வாதித்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மேரி கார்ப்பெண்டர் அம்மையார். 1846-ல் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பாடசாலை திறந்த அவர், 1852-ல் கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளியையும், 1854-ல், கவி பைரனின் மனைவி வாங்கியளித்த ‘ரெட் லாட்ஜ்’ என்ற பழைய மாளிகையில் சிறுமிகளுக்கென்றே ஒரு பள்ளியையும் ஸ்தாபித்தார். அவ்வருஷமே, அவர் வாதித்து வந்தபடி, இளங்குற்றவாளிகளை இத்தகைய பள்ளிகளுக்கு அனுப்பும் சட்டம் பிறந்தது. அம்மையாருக்கோ அப்போது வாக்குரிமைகூடக் கிடையாது! ஆயினும் பள்ளிக்கு முன் பதினான்கு நாள் சிறைவாசம் என்ற நிபந்தனையைச் சட்டம் விடவில்லை. பாரதச் சீர்திருத்தவாதி ராஜா ராம்மோகன் ராயைப் பிரிஸ்டலில் சந்தித்திருந்த அம்மையார், 1866-ல், அறுபதை நெருங்கும் பிராயத்தில் பாரத தேசத்துக்குக் கப்பலேறி வந்து, ஆசிரியைகளுக்குப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டுமென அதிகாரிகளை வற்புறுத்தினார். பின்னும் மூன்று முறை வந்தார்.