எடுத்தவர் பெயர்



பண்டைக் கடல் ஊர்வனவற்றைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தபோது, 1848 பிப்ரவரியில் நிகழ்ந்த வேறொரு தலைமை உரைதான் முதலில் என் நினைவுக்கு வந்தது. லண்டன் புவியியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அது. தலைவர் ஹென்றி டி லா பீச். சென்ற ஆண்டில் மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி சொல்வது அங்கே தலைவரின் கடமை. அன்று அவர் அந்த வரிசையில் உறுப்பினரல்லாத ஒருவரையும் சேர்த்தார். உறுப்பினராக விண்ணப்பிக்கவே இயலாத ஒருவர். பெண்களை அந்தச் சங்கம் உறுப்பினராக ஏற்றது 1919இல்தான். லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் புதைபடிவம் எடுத்து விற்றுப் பிழைத்த மேரி ஆனிங்கின் பெயரைத்தான் டி லா பீச் அன்று சொன்னார். மார்பகப் புற்றுநோயால் 47 வயதில் அவர் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. என் கணக்கில் அந்த அஞ்சலி முப்பது ஆண்டு தாமதம். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

லைம் ரீஜிஸின் செங்குத்தான கரை, சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய அடுக்கு. வயது ஏறக்குறைய 20 கோடி ஆண்டு. மாரிக்காலப் புயலில் அலை அடிவாரத்தை அரிக்கும், மேலே இருப்பது சரியும், சரிவில் எலும்பு தெரியும். அதே அலை சில நாளில் அதைக் கொண்டும் போய்விடும். ஆகவே புதைபடிவம் தேடுகிறவர் குளிர் கடுமையாக இருக்கும் நாட்களில், கடல் வற்றும் சில மணி நேரத்துக்குள், எப்போது சரியும் என்று சொல்லமுடியாத கரைக்குக் கீழே நின்று வேலை செய்ய வேண்டும். 1833 அக்டோபரில் அப்படி ஒரு சரிவில் ஆனிங்கின் நாய் ட்ரே அவர் கண்ணெதிரே புதையுண்டது. சில அடி தள்ளி நின்றதால் அவர் பிழைத்தார்.

ஆனிங்கின் தந்தை ரிச்சர்ட் ஒரு தச்சர். 1810இல் கடனை வைத்துவிட்டு இறந்தார். நெப்போலியன் போர்களால் ஐரோப்பாவுக்குள் பயணம் போகமுடியாத செல்வர்கள் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். அவர்களுக்கு அம்மோனைட் விற்பது அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. அம்மோனைட் என்றால் நம்மவர்களுக்கு அந்நியமில்லை. கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் வீட்டுப் பூசையறையில் இருக்கும் சாளக்கிராமம் அதுதான். 1811இல் அண்ணன் ஜோசப் நான்கு அடி நீள மண்டையோடு ஒன்றைக் கண்டார். உடலின் மற்ற எலும்புகளை மறு ஆண்டு மேரி தேடிக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று. ஊர்ப் பண்ணையார் சுமார் 23 பவுண்டு கொடுத்து வாங்கினார். அது லண்டன் காட்சிச்சாலைக்குப் போனது. 1819 ஏலத்தில் பிரிட்டிஷ் மியூசியம் 45 பவுண்டுக்கு எடுத்தது. இதற்கிடையில், 1814இல், எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் அதைப் பற்றி அறிவியல் கட்டுரை எழுதினார். ஆனிங் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை. இக்தியோசர் என்று நாம் இன்று சொல்லும் கடல் ஊர்வன விலங்கு கற்றோர் உலகத்துக்குள் நுழைந்த கதை இது.

பிளீசியோசரின் கதை இன்னும் வருத்தம் தருவது. 1823 டிசம்பரில் மேரி ஆனிங் அதன் முழு எலும்புக்கூட்டை எடுத்தார். நீண்ட கழுத்து, சின்னத் தலை, துடுப்பு போன்ற நான்கு கால்கள். ஓவியத்தைப் பார்த்த பாரிஸின் ஜார்ஜ் குவியேவுக்குச் சந்தேகம் வந்தது. ஊர்வன எதற்கும் கழுத்தில் இத்தனை எலும்பு கிடையாதே, இரண்டு விலங்கை ஒட்டவைத்திருப்பார்களோ என்று. ஐரோப்பாவில் எலும்பியலின் தலைமகன் அவர். அந்தச் சந்தேகம் நிலைத்திருந்தால் ஆனிங்கிடம் யாரும் ஒரு சிப்பி கூட வாங்கியிருக்க மாட்டார்கள். 1824 பிப்ரவரி 20 அன்று, இதே புவியியல் சங்கத்தில், வில்லியம் கோனிபியர் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். எலும்புக்கூடு பெரிதாக இருந்ததால் மாடிப்படியில் ஏற்ற முடியவில்லை; கீழே நடையிலேயே வைத்து உறுப்பினர்கள் பார்த்தார்கள். குவியேவும் பின்னர் தன் ஐயம் தவறு என்று ஒப்புக்கொண்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனால் கோனிபியரின் கட்டுரையில் ஆனிங்கின் பெயர் இல்லை. ஆனிங்கின் நேர்மைதான் ஐயத்துக்குள்ளானது. ஐயம் தீர்ந்தபோது சிறப்பு வேறொருவருக்குப் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுத்தவர் கூலிக்காரர், அதைப் படித்து எழுதியவர் அறிஞர் என்ற பிரிவினை நம் துறையில் இன்றும் ஒளிந்திருக்கிறது. அது பொய். ஆனிங் மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்றார். வாங்க முடியாத கட்டுரைகளைப் படங்களோடு கையால் நகலெடுத்து வைத்துக்கொண்டார். இக்தியோசரின் வயிற்றுப் பகுதியில் அடிக்கடி கிடைத்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்து, உள்ளே மீன்செதிலும் எலும்பும் இருப்பதைக் கவனித்தவர் அவர். புவியியலாளர் வில்லியம் பக்லாண்ட் 1829இல் அவை விலங்குகளின் கல்லான மலம் என்று அறிவித்தார். அந்த விலங்கு எதைத் தின்றது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அதுபோலத்தான் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில் 1890களில் பெர்ன்ஹார்ட் ஹாஃப் பொறுமையாகப் பாறையைச் சுரண்டி எலும்பைச் சுற்றியிருந்த தோலின் தடத்தை வெளிக்கொண்டு வந்தார். இக்தியோசருக்கு முதுகுத் துடுப்பு உண்டு என்று அதனால் தெரியவந்தது. கை அவசரப்பட்டிருந்தால் அந்தத் தடம் தூசியாகப் போயிருக்கும். பாறையிலிருந்து எடுப்பது ஆய்வுக்கு முந்திய வேலையல்ல, ஆய்வின் முதல் அதிகாரமே அது.

பணத்தையும் பார்த்துவிடுவோம். அதே கரையில் எலும்பு சேர்த்த இன்னொருவர் தாமஸ் ஹாக்கின்ஸ், வசதியுள்ளவர். 1834இல் அவருடைய தொகுப்பை பிரிட்டிஷ் மியூசியம் 1,300 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. பிறகு பார்த்தால், இல்லாத எலும்புகளைச் சாந்தில் செய்து சேர்த்திருந்தார். ஆனிங் வீட்டிலோ வாடகை கட்ட மேசை நாற்காலியை விற்கும் நிலை. அதைக் கண்டு மனம் பொறுக்காத தாமஸ் பர்ச் என்ற சேகரிப்பாளர் 1820இல் தன் தொகுப்பையே ஏலம் விட்டு, வந்த சுமார் 400 பவுண்டை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார். டி லா பீச்சும் அந்தப் பண்டைக் கடலைக் கற்பனை செய்து 1830இல் ஓர் ஓவியம் வரைந்து, அதன் அச்சுப் படிகளை விற்ற பணத்தை ஆனிங்குக்குத் தந்தார். இந்த இருவரையும் நான் மதிக்கிறேன். உதவி செய்ய மனம் இருந்தது. பெயரைக் கட்டுரையில் எழுதத்தான் பலருக்கும் கை வரவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக்கு முன் கடல். 1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றைப் பற்றி எழுதியபோது, சேகரித்த இருவரின் பெயரும் கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றது. கவனியுங்கள், பெயர் எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லாமலில்லை. யாருடைய பெயரை என்பதுதான் கேள்வி. பிறகு புவியியலாளர் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை அளந்து பிரித்தார். ஸ்டோலிச்கா இவற்றின் உயிரினங்களைப் பெரும் தொகுதிகளாக எழுதினார். 1879இல் ரிச்சர்ட் லிடெக்கர், ஊட்டத்தூர்த் தொகுதிப் பாறையில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து, இக்தியோசரஸ் இன்டிகஸ் என்று ஒரு இனத்துக்குப் பெயர் சூட்டினார். லைம் ரீஜிஸில் ஆனிங் எடுத்தாரே, அந்தக் குலத்தின் கடைசித் தலைமுறைகளில் ஒன்று நம் காவிரிப் படுகையில் நீந்தியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இந்தச் செய்தி பழகவில்லை. ஆனால் வெயிலில் வழி காட்டியவர், கூடை சுமந்தவர், இந்தக் கல் அந்த ஓடையில் நிறையக் கிடக்கும் என்று சொன்னவர், இவர்கள் பெயர் எதுவும் நான் படித்த பாடநூல்களில் இல்லை. நான் கற்பித்த பாடங்களிலும் இல்லை.

பழங்காலத்தவரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு இதே வட்டாரத்தில், காரை என்ற ஊரின் பக்கத்து மேட்டுநிலத்தில் களப்பணிக்குப் போயிருந்தேன். மழை அரித்த களிமண் பள்ளங்களுக்கு நடுவே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், நாங்கள் தேடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதுவாங்க சாமி?” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். விரல் நீளத்தில், முனை சிதையாத பெலம்னைட்டுகள், அதாவது கணவாய்க்கு உறவான பண்டை உயிரின் புதைபடிவங்கள், ஐந்தாறு. எந்தப் பள்ளத்தில் எந்த மட்டத்தில் கிடக்கும் என்று கைகாட்டினார். அடுத்த இரண்டு நாள் அவர் காட்டிய இடத்தில்தான் வேலை செய்தோம். அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. இடம் இருக்கிறது, பாறையடுக்கு இருக்கிறது, நாள் இருக்கிறது, என் மாணவர்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. அந்த அம்மாளின் பெயர் இல்லை. நான் கேட்கவே இல்லை. இந்த உரையை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வழக்கம் மாறக்கூடியதுதான். 2015இல் ஓர் இக்தியோசர் இனத்துக்கு ஆனிங்கின் பெயரைச் சூட்டினார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. 2020இல் இங்கிலாந்தின் சாமர்செட் கரையில் தந்தையோடு நடந்த 11 வயதுச் சிறுமி ரூபி ரெனால்ட்ஸ் ஒரு தாடையெலும்புத் துண்டைக் கண்டாள். ஆய்வாளர்கள் மற்றத் துண்டுகளோடு சேர்த்துப் பார்த்து, சுமார் 25 மீட்டர் நீளம் இருந்திருக்கக்கூடிய ஒரு இக்தியோசருடையது என்று 2024இல் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவள் பெயரும் அவள் தந்தையின் பெயரும் இருக்கின்றன. ஆனிங் தன் முதல் எலும்புக்கூட்டை எடுத்தபோது ஏறக்குறைய இதே வயது.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிக்க இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரியை முதலில் கண்டவர் யார் என்று மேடையில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளியாக இருக்கலாம், கிணறு வெட்டியவராக இருக்கலாம், பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். ஊர் திரும்பியதும் உங்கள் துறையின் அலமாரிகளைத் திறந்து, ஒவ்வொரு மாதிரியின் சீட்டிலும் இடம், அடுக்கு, நாள் என்பவற்றுக்குக் கீழே ‘எடுத்தவர்’ என்று ஒரு வரி சேர்த்து, நினைவிருக்கும்போதே நிரப்புங்கள். நினைவில்லையென்றால் அந்த ஊருக்கு மறுபடி போய்க் கேளுங்கள். நானும் காரைக்குப் போகிறேன்.