நோயாளியின் நோன்பு: ஷஃபானிலேயே கேளுங்கள்

 

 

ஷஃபான் மாதத்தின் இரண்டாவது ஜும்ஆவில் கூடியிருக்கிறோம். வழக்கமாக இந்நாளில் ரமளானின் மாண்புகளைப் பேசுவோம். இன்று, ரமளான் பிறை தென்படுவதற்குள் நாம் முடித்துவிட வேண்டிய ஒரு வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சென்ற வாரம் நமது வட்டார வானொலியில் குடும்ப மருத்துவம் குறித்த நேரடி நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேயர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், மருத்துவர் பதில் சொல்வார். ஒருவர் குழந்தையின் இருமலைப் பற்றிக் கேட்டார். இன்னொருவருக்கு முழங்கால் வலி. அதன்பின் வயது முதிர்ந்த ஒரு தாயின் குரல் வந்தது. பெயரைச் சொல்லவில்லை, ஊரையும் சொல்லவில்லை. பேச்சு மட்டும் நம் பக்கத்துப் பேச்சு. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயாம். காலையிலும் இரவிலும் மாத்திரை. சென்ற ரமளானில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு கண் இருண்டு, உடல் வியர்த்து, அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாராம். நோன்பு திறக்க ஒரு மணி நேரம்தானே இருக்கிறது என்று சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் நோன்பு வைக்க விடமாட்டார்களே!

மருத்துவர் கேட்டார்: "மாத்திரை எழுதித் தந்தவரிடம் நோன்பு வைப்பதைச் சொன்னீர்களா அம்மா?"

"இல்லை."

"உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமாவது கேட்டீர்களா?"

"அவர்களிடம் எப்படிக் கேட்பது? நோன்பை விடுவதற்கு வழி தேடுகிறாள் என்று நினைத்துவிடுவார்களே!"

சகோதரர்களே! அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததை, மருந்து தருபவரிடம் சொல்லாததை, மார்க்கம் சொல்பவரிடம் கேட்கத் துணியாததை, முகம் தெரியாத ஒரு வானொலியிடம் அந்தத் தாய் சொல்லியிருக்கிறார். அவர் மீது குறை காண எனக்கு நா எழவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இதே மிம்பரில் நின்று, நோன்பு கடமையாக்கப்பட்டதைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனத்தை உரக்க ஓதி விளக்கியிருக்கிறேன். அதை அடுத்து வரும் 184, 185ஆம் வசனங்களை எத்தனை முறை அதே குரலில் விளக்கினேன்? நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை அவ்விரண்டு வசனங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. 185ஆம் வசனத்திலோ, அம்மாதத்தை அடைந்தவர் நோன்பு நோற்கட்டும் என்ற கட்டளையை அடுத்தே நோயாளிக்கான சலுகை வருகிறது. அதை அடுத்து, தான் உங்களுக்கு இலகுவையே நாடுவதாகவும் சிரமத்தை நாடவில்லை என்றும் அல்லாஹ் அறிவிக்கிறான். கட்டளையைத் தந்தவனே சலுகையையும் தந்தான். அதனைப் பெற்றுக்கொள்வது நோயாளிக்கு எப்படி வெட்கமாகும்? தன் சலுகைகள் ஏற்றுக்கொள்ளப்படுவதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி அஹ்மதில் பதிவாகியுள்ளது.

கேளாமல் இருப்பதும், அறியாமல் தீர்ப்புச் சொல்வதும் எங்கே கொண்டு விடும் என்பதற்கு நம் முன்னே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வருகிறது. நபித்தோழர்கள் சிலர் ஒரு பயணத்தில் இருந்தபோது, ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலை உடைந்தது. அந்த நிலையில் அவருக்குக் குளிப்பும் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு எந்தச் சலுகையும் இல்லை என்று கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அண்ணலார் கடிந்துரைத்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவி, அறியாமை என்ற நோய்க்கு மருந்தே கேட்டறிவதுதான் என்றார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். காயம்பட்டவர் கேட்டார், அவர் தம் கடமையைச் செய்துவிட்டார். பதில் சொன்னவர்களிடம்தான் பிழை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னவர்களும் அல்லர். மார்க்கப் பற்றினால்தான் சொன்னார்கள். "எனக்கும்தான் சர்க்கரை இருக்கிறது, நான் முப்பதையும் நோற்கவில்லையா? உனக்கென்ன?" என்று தெருமுனையில் நின்று பேசுகிறோமே, அந்தப் பேச்சு எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதை இந்த நபிமொழியை வைத்து நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, அந்தத் தாய்க்கு நேர்ந்தது என்ன? உணவு இல்லாதபோது இரத்தத்தில் சர்க்கரை மெல்ல இறங்கும். ஆரோக்கியமான உடலில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து விட்டுக்கொடுத்துச் சமன் செய்துவிடும். ஆனால் சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், உணவு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வழக்கமான நாளில் காலை உணவோடு போட்ட மாத்திரையை ஸஹரில் அதே அளவில் போட்டுக்கொண்டு, ஏறத்தாழ 13 மணி நேரம் பசித்திருந்தால் மாலையில் அது தன் வேலையைக் காட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் ஆகியன அதன் அடையாளங்கள். நோன்பாளி சிடுசிடுக்கிறார் என்று நாம் நினைப்போம். உண்மையில் அவருடைய மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேரவில்லை. முற்றினால் மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து.

2001ஆம் ஆண்டில் 13 நாடுகளைச் சேர்ந்த 12,243 முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. நடுவயதிலும் முதுமையிலும் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் சுமார் 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றிருந்தார்கள். அல்ஹம்து லில்லாஹ், ஈமானின் வலிமையை அது காட்டுகிறது. ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை கடுமையாக இறங்கிப்போகும் நிகழ்வு, மற்ற மாதங்களைவிட ரமளானில் ஏழரை மடங்காக இருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இது எங்கோ உள்ளவர்களின் கதை என்று விட்டுவிட முடியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டுள்ளது. இந்த ஸஃப்களிலேயே எத்தனை பேர் இருப்பீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாரும் நோன்பை விட்டுவிடலாமா? இல்லை. அவசரப்பட்டு அந்த முடிவுக்கும் போய்விடாதீர்கள். உணவுக் கட்டுப்பாட்டாலோ, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்காத மாத்திரைகளாலோ நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பலர் மருத்துவரின் மேற்பார்வையில் பாதுகாப்பாக நோற்கிறார்கள். வேறு சிலருக்கு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினாலே போதும். நாளொன்றுக்குப் பல முறை இன்சுலின் போடுபவர், அண்மையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர், சிறுநீரகம் பழுதடைந்தவர், சர்க்கரையுள்ள கர்ப்பிணி ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. யார் எந்த வரிசை என்பதை நானும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுக்காரரும் சொல்ல முடியாது. அந்த வானொலி மருத்துவரும் சொல்லவில்லை. உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் நான் அளவு சொல்வது குற்றமாகும், உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் ரமளானுக்கு முன்பே போங்கள் என்றுதான் சொன்னார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்தது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால் விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூதிலும் நஸயீயிலும் உள்ளது.

மருத்துவரை நாடுவது தவக்குலுக்கு மாற்றமானதென எண்ணுவோரும் நம்மிடையே உள்ளனர். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நலம் விசாரிக்கச் சென்ற நபி (ஸல்) அவர்கள் அன்னாரின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள். அல்லாஹ்வின் தூதரே பக்கத்தில் இருக்க, நோயாளி மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்!

நோன்பு நோற்றவாறே விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் மாலை வரை பரிசோதிக்காமல் இருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதும், உணவுச் சத்தாக ஏற்றப்படாத ஊசிகளும் நோன்பை முறிக்கமாட்டா என்று தீர்மானித்தது. பார்க்கும்போது 70க்குக் கீழே இருந்தால், மஃரிபுக்கு ஐந்து நிமிடமே இருந்தாலும் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. 300க்கு மேலே போனாலும் அப்படியே. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த அல்பகராவின் 195ஆம் வசனத்தை அந்த ஐந்து நிமிடத்தில் நினைவுகூருங்கள். விடுபட்ட அந்த நோன்பைப் பின்னர் களா செய்யலாம். குணமாகும் என்ற நம்பிக்கை இல்லாத நோயாளிக்கு ஃபித்யா உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து அளவு ஊரின் பிரதான உணவு. ஹனஃபியில் கோதுமையானால் அரை ஸாவு. விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து கேளுங்கள், யாரும் உங்களைத் தவறாக நினைக்கமாட்டோம்.

ஆண்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சியும் வடையும் சமோசாவும் சர்பத்தும் விரிப்பில் வரிசையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்காக லுஹர் முதல் அடுப்பருகே நிற்பவர் யார்? நமக்கெல்லாம் பரிமாறிவிட்டு, தாம் ஒரு பேரீத்தம்பழத்தோடு எழுந்து போகிறவர் யார்? உங்கள் தாயார் எந்த மாத்திரை போடுகிறார்கள் என்று இப்போது கேட்டால் எத்தனை பேர் பெயர் சொல்வீர்கள்? நானும் அன்றிரவுதான் வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முன்பெல்லாம் நம் தெருக்களில் ஒரே மருத்துவர் மூன்று தலைமுறையைப் பார்ப்பார். பாட்டிக்குச் சர்க்கரை, மகனுக்கு அழுத்தம், பேத்திக்கு இளைப்பு என்று குறிப்பேடு இல்லாமலே அவருக்குத் தெரியும். அவர் முஸ்லிமாக இல்லாவிட்டாலும் ரமளான் வருகிறதென்றால், "நோன்பு வைப்பீங்களே, மாத்திரையை மாத்தணுமே" என்று அவரே கேட்பார். இன்று கண்ணுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. பெரிய மருத்துவமனைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவற்றால் உயிர் பிழைத்தோர் நம்மில் உண்டு. ஆயினும் குடும்பம் முழுவதையும் அறிந்த ஒரு மருத்துவரை ஒவ்வொரு வீடும் வைத்துக்கொள்ள வேண்டும். வசதி குறைந்தவர்கள் தயங்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

ஆகவே வரும் வாரத்திற்குள், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு, பெற்றோரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவர்கள் நோன்பு வைக்கலாமா? வைத்தால் எந்த மாத்திரையை எந்த நேரத்தில், எவ்வளவு போட வேண்டும்? எந்த நிலையில் உடனே நோன்பை முடிக்க வேண்டும்? வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பெற்றோரை என்னிடம் அழைத்து வாருங்கள். தாய்மார்கள் வர இயலாவிட்டால் நான் உங்கள் இல்லத்திற்கு வருகிறேன். அஸருக்குப் பிறகு தினமும் பள்ளியில் இருப்பேன்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! நோற்பவரின் நோன்பையும், உன் சலுகையை ஏற்று நோற்காதவரின் ஃபித்யாவையும் கபூல் செய்வாயாக! அன்று வானொலியில் பேசிய அந்தத் தாய் யாராக இருப்பினும், அவருடைய ரமளானை அமைதியானதாக ஆக்குவாயாக! ஆமீன்.