எலும்பைப் பிடித்திருக்கும் பிளேட்டும் ஸ்குரூவும்

(தோட்டச் சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிப் பகுதியினர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து முடித்து, அடுப்பு வேலை காத்திருக்கிற நேரத்தில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

மழை நேரத்தில் மலையில் வழுக்கி விழுகிறோம். கான் தாண்டும்போது கால் மாட்டிக்கொள்கிறது. விறகுக் கட்டோடு குறுக்குப் பாதையில் இறங்கும்போது சறுக்குகிறது. கையோ காலோ முறிந்தால் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்து, ஸ்குரூ போட்டு அனுப்புகிறார்கள். ஆள் லயத்துக்கு வந்து சேர்ந்ததும் நாம் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இதுதான்: "இரும்பே வச்சிட்டாங்க, இனி என்ன பயம்? அடுத்த மாசம் மலைக்குப் போகலாம்."

இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. பிளேட் எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானாகத்தான் ஒட்ட வேண்டும். அது ஒட்டி முடியும் வரைக்கும் முறிந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே பிளேட்டின் வேலை.

ஒரு வேலிக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். முதல் தரத்தில் உடையாது. பத்தாம் தரத்திலும் உடையாமல் இருக்கலாம். ஆனால் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'டக்' என்று முறிந்துவிடும். பிளேட்டும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது ஒவ்வொரு அடியிலும் வளைந்து நிமிர்கிறது. ஒருவர் நாளைக்கு 5,000 அடி நடந்தால் ஒரு காலுக்கு 2,500. முப்பது நாளில் 75,000 தடவை. எலும்பு ஒட்டிவிட்டால் பாரத்தை எலும்பு வாங்கிக்கொள்ளும், பிளேட் தப்பும். எலும்பு பிந்தினால் பிளேட் களைத்து உடையும், அல்லது ஸ்குரூ கழன்று வரும். எது முந்தப்போகிறது என்பதுதான் கேள்வி.

டொக்டர்மார் உறுதியை எப்படிக் கூட்டினார்கள்

இந்த வைத்தியம் நேற்று வந்ததல்ல. 1886இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹான்ஸ்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து எலும்பைப் பிடிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அவருடைய பிளேட்டின் ஒரு முனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு கழற்றுவதற்கு அது வசதி. ஆனால் கிருமி உள்ளே போவதற்கும் அதுவே வழி. அந்தக் காலத்து உலோகங்கள் உடம்புக்குள்ளே துருப்பிடிக்கவும் செய்தன. 1958இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் முல்லர், ஆல்கோவர், வில்லனெகர் முதலான டொக்டர்மார் ஏ.ஓ. என்ற குழுவை அமைத்து, எந்த முறிவுக்கு எந்தப் பிளேட், எத்தனை ஸ்குரூ என்று ஒழுங்காக ஆராய்ந்தார்கள். இன்று உலகெங்கும் செய்யும் முறைகளில் பெரும்பகுதி அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அவர்கள் கண்ட வழிகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நெருக்கிப் பிடிப்பது. 1969இல் வந்த பிளேட்டில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளவாட்டில் சரிவாக இருந்தது. ஸ்குரூவை முறுக்க முறுக்க அது சரிவில் வழுக்கி, முறிந்த இரண்டு முனையையும் ஒன்றோடொன்று நெருக்கும். நெருங்கிய எலும்பு அசையாது.

இரண்டாவது, ஸ்குரூ எலும்பின் இரண்டு பக்கச் சுவரையும் பிடிப்பது. எலும்பு மூங்கில் மாதிரி. வெளியே கெட்டி, நடுவில் மச்சை. ஒரு சுவரை மட்டும் பிடித்த ஸ்குரூவைவிட, எதிர்ச் சுவரையும் பிடித்த ஸ்குரூ உறுதியாக நிற்கும். துளையும் அளவாக இருக்க வேண்டும். முன்கைக்குப் போடும் 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 2.5 மில்லிமீட்டர் துளை. துளை பெரிதானால் மண்வெட்டிப் பிடி ஆடுகிற மாதிரி ஆடும்.

மூன்றாவது, நீளமான பிளேட் வைத்து ஸ்குரூவைத் தள்ளித் தள்ளிப் போடுவது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஏன் நடுவுல ரெண்டு மூணு ஓட்டை சும்மா கெடக்கு? ஸ்குரூ பத்தாமப் போச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது குறை அல்ல. எலும்பு பல துண்டாக நொறுங்கிய இடத்தில் சில ஓட்டைகளை வேண்டுமென்றே விடுவார்கள். எல்லா ஓட்டையிலும் ஸ்குரூ இருந்தால் வளைகிற பாரம் முழுவதும் ஒரு சின்ன இடத்தில் விழும். வேலிக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கியது ஞாபகம் இருக்கட்டும். ஓட்டைகளை விட்டால் அந்தப் பாரம் நீளத்துக்குப் பரவும்.

நான்காவது, மெலிந்த எலும்புக்கான வழி. உளுத்த மரத்தில் ஸ்குரூ நிற்காது என்பது லயத்துக் கதவுக்குப் பிணைச்சல் அடித்தவர்களுக்குத் தெரியும். வயது போனவர்களுக்கும், மாதவிடாய் நின்ற தாய்மாருக்கும் எலும்பு அப்படி மெலிந்து போகலாம். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பரவலான பூட்டுப் பிளேட்டில், ஸ்குரூவின் தலைக்கும் பிளேட்டின் ஓட்டைக்கும் மரை இருக்கிறது. ஸ்குரூ பிளேட்டோடு பூட்டிக்கொள்வதால் ஒவ்வொன்றாகக் கழன்று வருவது குறைவு. தேவைப்பட்டால் சிலருக்கு எலும்புச் சீமெந்து வைத்தும் ஸ்குரூவுக்குப் பிடிப்புக் கொடுப்பார்கள். எலும்பு ஒட்டாமல் நின்றுபோன சிலருக்கு இடுப்பெலும்பில் இருந்து கொஞ்சம் எடுத்து முறிந்த இடத்தில் வைப்பார்கள்.

மிச்சப் பாதி நம் கையில்

டொக்டர் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் தியேட்டரை விட்டு வந்த பிறகு பொறுப்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது. முன்கை எலும்பு ஒட்ட ஏறத்தாழ 3, 4 மாதம் ஆகும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்புக்கு 4 முதல் 6 மாதம் பிடிக்கலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். வலி குறைந்துவிட்டது என்றால் எலும்பு ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. பிளேட் பிடித்திருப்பதால்தான் வலி குறைகிறது. ஒட்டியதா இல்லையா என்பதை எக்ஸ்ரேயும் டொக்டருமே சொல்ல முடியும்.

ஆகவே வீட்டுக்கு வரும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம்? அடுத்த எக்ஸ்ரே எப்போது? எந்த வேலை செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? பதிலை டயக்னோசிஸ் காட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். பஸ் காசு இல்லை என்றால் தலைவரிடமோ எங்களிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள்.

அசையாமல் படுத்துக் கிடப்பதும் சரியல்ல. விரலையும் மூட்டையும் டொக்டர் காட்டித் தந்தபடி அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். மூட்டை அசைப்பது வேறு, பாரம் தூக்குவது வேறு.

பீடி, சிகரெட், சுருட்டு எலும்பு ஒட்டுவதைப் பிந்த வைக்கும். வெற்றிலையோடு போடும் போயிலையையும் விட்டுவிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும். பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, முடிந்தால் பால், இவற்றை முறிந்தவருக்கு முதலில் கொடுங்கள். பெண் என்றால் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இந்த மாதங்களில் அது வேண்டாம்.

எண்ணெய் போட்டு உருவுவது நம் பெரியவர்களின் நம்பிக்கை. அதை நாம் இழிவாகப் பேசவில்லை. ஆனால் பிளேட் வைத்த இடத்தை இழுப்பதும் உருவுவதும் கூடாது. காயம் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் கண்டால், குறைந்த வலி திரும்பக் கூடினால், கை கால் கோணினால், உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிளேட்டைக் கட்டாயம் கழற்ற வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பலருக்கு அது வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். கழற்றினால் ஸ்குரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும் வரைக்கும் எலும்பு பலவீனமாக இருக்கும். அந்தக் காலத்திலும் பாரம் தூக்காமல் கவனமாக இருக்க வேண்டும்.

பேர் போகுதே என்ற கவலை

இவ்வளவும் கேட்ட பிறகு உங்கள் மனதில் இருப்பது எங்களுக்குத் தெரியும். "மூணு மாசம் பேர் இல்லாம எப்படிங்க சாப்பிடுறது?" ஞாயமான கேள்வி. ஒரு அக்கா முன்கையில் பிளேட்டோடு ஆறாம் கிழமையே கூடை போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளேட் வளைந்தால் மறுபடி ஒப்பரேஷன். முன்னைய ஓட்டைகள் உள்ள எலும்பில் இரண்டாம் முறை ஸ்குரூ பிடிப்பது கஷ்டம். மாதக் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும். ஆறு கிழமைப் பேருக்காக ஆறு மாதப் பேர் போகும்.

வேலை நேரத்தில், வேலை காரணமாக விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு. விபத்து நடந்த அன்றே கங்காணியிடம் சொல்லி, தோட்டத்து ஒபிசில் பதியச் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள். டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, கிளினிக் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். வேலைக்குத் திரும்பும்போது லேசான வேலை என்று டொக்டரிடம் எழுதி வாங்கி, தோட்டத்து மருந்துக்காரர் ஐயாவிடம் காட்டுங்கள்.

லயத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. முறிந்தவர் வீட்டுக்குத் தண்ணீரும் விறகும் பக்கத்துக் காம்பரா ஆட்கள் முறை வைத்துக் கொடுத்தால், அவர் ஊன்றுகோலோடு படி இறங்க வேண்டி வராது. வழுக்குகிற படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே எழுதித் தாருங்கள், நிர்வாகத்திடம் சேர்ந்து போய்ப் பேசுவோம்.

கூட்டம் முடிந்ததும் வீட்டில் பிளேட் வைத்தவர்கள் உள்ளவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த கிளினிக் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.