ஆட்சியின் மூன்று படிகளும் நம் பிள்ளைகளும்

(மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் இறைவனுக்கே!

 

மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்னும் மூன்று படிகளை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். ஆனால், நெய்வேலி நகரியத்தில் வளரும் பிள்ளையின் கண்ணில் மூன்றாம் படி படுவதேயில்லை. இங்கே சாலை, குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு அனைத்தையும் நிறுவனத்தின் நகர நிர்வாகமே கவனிக்கிறது. 1956-இல் தோன்றி, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என வழங்கும் அந்நிறுவனம் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் உள்ளது. தொழில் நிறுவனமே நகராட்சிப் பணிகளைச் செய்யும் இடத்தில் நகராட்சி அமைக்காமல் விட, அரசியலமைப்பின் 243-கியூ பிரிவும் இடமளிக்கிறது. ஆதலால், நிறுவனம்தான் அரசாங்கம் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை.

இதனால் என்ன குறை என்று கேட்கலாம். பணி ஓய்வு பெறும் நாளில் நாம் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியவர்கள். அதன்பின் வீட்டு வரி எங்கே செலுத்துவது, குடிநீர் இணைப்பை யாரிடம் கேட்பது என்று அறியாமல் தடுமாறும் குடும்பங்கள் உண்டு. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவனுக்கு உரிமை இருந்தும் பயனில்லை. இளமையிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பிள்ளை அறிந்தவற்றிலிருந்தே தொடங்குவோம். ரமளானில் அவர்கள் தூக்குச்சட்டியுடன் வந்து வாங்கிச் செல்லும் நோன்புக் கஞ்சிக்கு, தமிழ்நாடு அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. மாவட்ட ஆட்சியர் வழியாக அது வருகிறது. இது மாநில அரசு. பாட்டனார் ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும் இந்திய ஹஜ் கமிட்டியோ நாடாளுமன்றம் 2002-இல் இயற்றிய சட்டப்படி இயங்குகிறது. இது மத்திய அரசு. ஆலை வாயிலில் நிற்பவர் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர்; கடைத்தெருவில் நிற்பவர் தமிழ்நாடு காவலர். இரண்டு சீருடைகளையும் காட்டி, "இவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். பாடம் தானே விளங்கும்.

மூன்றாம் படியைக் காண நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் போதும். வடக்குத்து ஊராட்சி, குறிஞ்சிப்பாடி பேரூராட்சி, வடலூர் 2021-இல் நகராட்சியானது, கடலூர் அதே ஆண்டில் மாநகராட்சியானது. உள்ளாட்சியின் நான்கு வகைகளும் ஒரே பேருந்துப் பயணத்தில் அடங்கிவிடுகின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்துள்ளன. உறவினர் ஊருக்குச் செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று ஓரமாக அமர்ந்து பார்க்கச் செய்யுங்கள். சாதாரண மனிதர் எழுந்து நின்று கணக்குக் கேட்பதை அவர்கள் பார்க்கட்டும்.

பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவனே. ஊராட்சி நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. திருமறையின் 42-ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை. நம் ஜமாஅத்தும் மஷூரா செய்தே காரியமாற்றுகிறது. அதன் விரிந்த வடிவமே ஆட்சி என்று சொன்னால் மதரஸாப் பிள்ளைக்கு எளிதில் புரியும்.

வாக்கு ஓர் அமானிதம். அதைச் சுமக்கப்போகும் தோள்களை இன்றே பழக்குவோம். நம் சந்ததியரை நாட்டுக்கும் மார்க்கத்துக்கும் பயனுள்ளவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.