லைசென்சைத் தளர்த்தினால் வாலிபர்கள் வருவார்களா?

(மரக்காணம் உப்பளப் பக்கத்தில் கூடிய வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், ஹாம் ரேடியோ என்கின்ற அமெச்சூர் ரேடியோவுக்குச் சர்க்கார் லைசென்சு கொடுப்பதைச் சுலபமாக்கினால் வாலிபர்கள் அதில் அதிகமாக வந்து சேருவார்களா என்பதாகும். உப்பு வாருகிறவர்களிடமும் வலை வீசுகிறவர்களிடமும் ரேடியோவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். இந்த ஊரில் பேசாமல் வேறு எந்த ஊரில் பேசுவது என்று நாம் கேட்கின்றோம். 2011 டிசம்பரில் தானே புயல் இந்தக் கரையை அடித்தது. 2020 நவம்பர் 25-ந் தேதி இரவு நிவர் புயல் இந்தப் பக்கத்தில்தான் கரை ஏறிற்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. புயல் வந்தால் முதலில் சாய்வது மின்சாரக் கம்பம். மின்சாரம் போய்விட்டால், செல்போன் கோபுரம் அதனுடைய பேட்டரி தீருகிற வரையில்தான் பேசும். அதற்குப் பிறகு உங்கள் கையிலிருக்கும் போன் என்ன? வெறும் விளக்கு!

ஹாம் ரேடியோ இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லுகின்றோம். கூலிக்காகவோ வியாபாரத்துக்காகவோ அல்லாமல், தன் அறிவு விருத்திக்காக ஒருவர் தன் வீட்டிலேயே ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற மற்றவர்களோடு பேசுவதுதான் அது. அவர்கள் பேசுகின்ற அலைகளில் ஒன்று சுமார் 40 மீட்டர் நீளமுள்ளது. அதில் பாதி, அதாவது 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பனை மரங்களுக்கிடையே கட்டினால் அதுவே ஆன்டெனா. ஒரு கார் பேட்டரி போதும், கருவி ஓடும். அலை மேலே போய், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் பட்டு, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து இறங்கும். நடுவில் கோபுரமில்லை, கம்பெனியில்லை, மாதச் சந்தாவில்லை. இதில் மந்திரமுமில்லை, தெய்வச் செயலுமில்லை. கணக்கும் கம்பியுந்தான் இருக்கின்றன.

இவ்வளவு சுலபமான காரியத்துக்கு லைசென்சு எப்படி வந்தது என்றால், அது பயத்தினால் வந்தது. 1885-ல் தந்திச் சட்டம், 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம், இரண்டும் வெள்ளைக்காரன் செய்தவை. 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் இந்தத் துறையில் முதல் லைசென்சு பெற்றார். நம் சென்னையில் 1924-ல் கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஏற்பட்டு, சர்க்கார் ரேடியோ என்று ஒன்று வருவதற்கு முன்பே ஜனங்களுக்கு ஒலிபரப்பிற்று. பணமில்லாமல் 1927-ல் அது நின்று போயிற்று. 1939-ல் யுத்தம் வந்ததும், ஹாம்கள் எல்லோரும் கருவிகளைப் போலீசில் ஒப்படைக்க வேண்டுமென்று உத்தரவாயிற்று. இருந்தும் 1942-ல் பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் இரகசிய ரேடியோ ஒன்றைச் சுமார் மூன்று மாதம் நடத்திச் சிறை சென்றார்கள். வெள்ளைக்காரன் பயந்தான், அவன் பயந்ததற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அவன் போன பிறகும் அந்தப் பயத்தை நாம் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பானேன்?

பூட்டுகள் சிறிது சிறிதாகக் கழன்றுதான் வருகின்றன. வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே வருஷா வருஷம் தபாலாபீசில் பணங்கட்டி லைசென்சு வாங்கியது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1980களில் அது எடுபட்டது. அதே காலத்தில் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரியும் நீங்கிற்று. அப்போது பிரதம மந்திரியாயிருந்த ராஜீவ் காந்தியே ஒரு ஹாம். அதற்குப் பிறகுதான் தொகை ஏறியது. 1978-ம் வருஷத்து விதிகளில் பல தரமாயிருந்த லைசென்சைப் பிற்பாடு இரண்டாகச் சுருக்கி, கீழ்த் தரத்துக்கு மோர்ஸ் தந்திப் பரீட்சை வேண்டாமென்றார்கள். 12 வயதான பிள்ளையும் பரீட்சை எழுதலாமென்றார்கள். இருந்தும் 2007-ல் இந்நாட்டில் லைசென்சு பெற்றவர்கள் 16,000க்குச் சற்று மேல்தான் என்று கணக்குச் சொல்லுகின்றது. நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் இது ஒரு தொகையா?

ஆகவே இன்னும் தளர்த்துங்கள் என்கிறவர்கள் பக்கம் நியாயமிருக்கின்றது. மோர்ஸ் தெரிந்தால்தான் குற்றலை லைசென்சு தரவேண்டுமென்ற கட்டாயத்தை உலக நாடுகளின் மாநாடு 2003-லேயே கைவிட்டது. அமெரிக்கா 2007-ல் அதை அறவே எடுத்துவிட்டது. மோர்ஸ் நல்ல வித்தைதான், பிரியமுள்ளவர்கள் கற்கட்டும். ஆனால் அதை வாசற்படியில் வைப்பது, சுலோகம் ஒப்பித்தால்தான் பள்ளிக்கூடத்துக்குள் விடுவேன் என்பது போன்றதேயாகும். அடுத்தது பாஷை. பரீட்சைக்குப் படிக்கக் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. மின்னோட்டத்துக்கு இங்கிலீஷ் தெரியுமா? தமிழ்க் கையிலிருந்து போனால் அது கம்பியில் ஓடமாட்டேன் என்கிறதா? மூன்றாவது, பரீட்சையில் தேறிய பின்னும் விசாரணை என்று காலம் தள்ளுவது. பதினான்கு வயதுப் பையன் ஆசையோடு எழுதிய பரீட்சைக்கு அவன் மீசை முளைத்த பிறகு லைசென்சு வந்தால் அந்த ஆசை உயிரோடிருக்குமா?

நிற்க. அப்படியானால் பரீட்சையே வேண்டாம், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாம் என்று சில தோழர்கள் சொல்லுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் உப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் தெரியாத்தனமாக வரப்பை வெட்டிவிட்டால் கெடுவது அவன் பாத்தி மட்டுமா? பக்கத்துப் பாத்தியில் பூத்து வந்த உப்பும் கரைந்துபோகின்றது. வானத்து அலையும் அப்படித்தான். அது எல்லோருக்கும் பொது. தெரியாதவன் ஒருவன் இடம் மாறிப் பேசினால், கப்பலுக்கும் விமானத்துக்கும் போகவேண்டிய பேச்சு கெட்டுப்போகும். ஆதலால் அறிவைச் சோதிக்கும் பரீட்சை இருக்கட்டும். இன்ன பாஷை தெரிந்தவனா, பட்டணத்துக்காரனா, பணக்காரனா என்று சோதிக்கும் தடைகள் போகட்டும் என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம்.

ஆனால் ஒன்று. இந்தத் தடைகளெல்லாம் நாளைக்கே போய்விட்டாலும் வாலிபர்கள் கூட்டங் கூட்டமாய் வந்துவிடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஜப்பானைப் பாருங்கள். அங்கே மோர்ஸ் இல்லாத சுலபமான லைசென்சை வெகு காலத்துக்கு முன்பே கொண்டு வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வாங்கினார்கள். 1990களின் நடுவில் அந்தச் சிறு தேசத்தில் 13 லட்சம் நிலையங்களுக்கு மேலிருந்தன, உலகத்திலேயே அதிகம். இன்றைக்கு அது 4 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. லைசென்சு கடினமாகிவிட்டதா? இல்லை. செல்போன் வந்தது, பேசுவதற்காக மட்டும் வந்தவர்கள் போய்விட்டார்கள். செய்வதற்காக வந்தவர்கள்தான் நின்றார்கள்.

இந்தப் பாடம் ஜப்பானிலிருந்துதான் வரவேண்டுமென்பதில்லை. உங்கள் காலடியிலேயே கிடக்கின்றது. உப்புக்கு வரி இருந்தது. 1930-ல் நாடெங்கும் அதற்காகக் கிளர்ச்சி நடந்தது. 1947-ல் வரி எடுபட்டது. வரி போனது நல்லதுதான். ஆனால் அதனால் மட்டும் பாத்தியில் நின்று வாருகிறவனுடைய கண்ணெரிச்சல் போயிற்றா? காலில் வெடிப்பு ஆறிற்றா? கூலி உயர்ந்துவிட்டதா? தடையை நீக்குவது பாதி வேலை. நீங்கிய வழியில் நடக்கக் காலுக்குப் பலம் கொடுப்பது மற்றப் பாதி. அந்தப் பாதியைச் சர்க்கார் செய்யாது, நாம்தான் செய்யவேண்டும்.

இன்றைய பையன் கேட்கிறான்: "கைபேசியில் அமெரிக்காவோடு முகம் பார்த்தே பேசுகிறேன், எனக்கு இது எதற்கு?" நல்ல கேள்வி. ஜவாப்புச் சொல்லுகின்றோம். கைபேசியில் நீ வாடிக்கைக்காரன். ரேடியோவில் நீ வேலைக்காரன், அதாவது வேலை தெரிந்தவன். கைபேசி கெட்டால் கடைக்கு எடுத்துப்போவாய். நீ செய்த ரேடியோ கெட்டால் உட்கார்ந்து யோசிப்பாய். அந்த யோசனைதான் நாம் வேண்டுவது. 2005 மே மாதத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்றொரு துணைக்கோள், ஹாம்களுக்கென்றே, மேலே போயிற்று. 42 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி ஒன்பது வருஷம் வேலை செய்தது. கையில் பிடிக்கும் ஆன்டெனாவோடு மொட்டை மாடியில் நின்று, தலைக்கு மேலே போகும் கோளின் வழியாக வெளிநாட்டோடு பேசினார்கள். ராகு கேதுவுக்குப் பயந்த வானத்தைப் பார்த்து ஒரு பிள்ளை "அந்தக் கோள் இத்தனை மணிக்கு இந்தத் திசையில் வரும்" என்று தானே கணக்குப் போட்டுச் சொல்லுவானானால், அதைவிட வேறு என்ன பகுத்தறிவுப் பிரசாரம் வேண்டும்?

2004 டிசம்பரில் நடந்ததைச் சொல்லவேண்டும். வெகு காலமாக ஹாம்களுக்கு அனுமதி அரிதாயிருந்த அந்தமானில், பாரதி பிரசாத் என்ற அம்மையார் எத்தனையோ நாள் முயன்று அனுமதி பெற்று, தோழர்களோடு போர்ட் பிளேரில் நிலையம் வைத்திருந்தார். 26-ந் தேதி சுனாமி வந்தது. அதே அலைதான் நம் கரையிலும் ஏறிற்று. தீவில் டெலிபோன் செத்துப்போன வேளையில், அவருடைய நிலையந்தான் வெளியுலகத்துக்குச் செய்தி சொல்லிற்று. யார் இருக்கிறார், யார் இல்லை என்று தேடினவர்களுக்கெல்லாம் பதில் வாங்கிக் கொடுத்தது. அந்த அனுமதி ஒரு மாதம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும்? உஷா மேத்தாவும் பெண், இவரும் பெண். பெண் பிள்ளைக்குக் கம்பியும் பற்றவைக்கும் கோலும் எதற்கு என்கிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிப்பார்களாக.

கடைசியாக, செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கின்றோம். மழைக்காலத்தில் உங்கள் உப்பளங்கள் மூடிக் கிடக்கின்றன, கைக்கு வேலையில்லை. புயல் வருவதும் அந்த மாதங்களில்தான். அந்த மாதங்களின் மாலை நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்குங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மேஜை, ஒரு பழைய ரேடியோ, ஒரு பற்றவைக்கும் கோல், நான்கு பிள்ளைகள், அதில் இரண்டு பேர் பெண்கள். ஆரம்பத்துக்கு இது போதும். லைசென்சுள்ள ஒருவரைச் சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ அழையுங்கள், அழைத்தால் வருவார்கள். பரீட்சைப் பாடத்தைத் தமிழில் எழுதுங்கள். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத நாமே ஓம் விதியைத் தமிழில் விளங்கிக்கொள்ள முடிந்ததென்றால், உங்கள் பிள்ளைகளுக்கு அது பிரமாதமல்ல. பரீட்சைக்கு நால்வர் போய் வரட்டும். தேறியவர்களுக்கு லைசென்சு தாமதமானால், அப்போது சர்க்காரைக் கேட்போம். வெறுங்கையோடு கேட்பதைவிட, தேறிய நான்கு பிள்ளைகளோடு போய் நின்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பலம் அதிகம்.

தோழர்களே! நாம் சொன்னோமென்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். சரியென்று பட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே மேஜையைப் போடுங்கள். அடுத்த புயல் நம்முடைய லைசென்சுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.