புறக்குடியும் உள்குடியும்



மிராசு முறை நிலவிய நாளில் தொண்டை நாட்டுக் கிராமங்களில் உழுகுடிகளை இரு பெயரிட்டு வழங்கினார்கள். ஊரிலேயே வீடும் வாசலுமாக வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பயிரிட்டு வந்தவன் உள்குடி. உரிய வாரத்தைச் செலுத்தி வரும்வரை அவனை எழுப்ப இயலாது. வேற்றூரிலிருந்து வந்து, ஒரு தவணைக்கு ஒப்புக்கொண்டு உழுது, தவணை தீர்ந்ததும் போகக் கடமைப்பட்டவன் புறக்குடி. இருவரும் பாய்ச்சியது ஒரே ஏரித் தண்ணீரைத்தான். கதிர் முற்றியபின் எந்த வயல் எவனுடையது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். நான் பாகூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் படிவங்களைப் பொறுமையோடு படிக்கத் தெரிந்தவன் என்ற பெயர் எப்படியோ எனக்கு ஏற்பட்டுவிட்டது. ஆகவே வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் கடல் கடந்து போன என் பழைய மாணவர்கள், தங்கள் காகிதங்களைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களில் பலர் இன்று ஆஸ்திரேலியாவில் புறக்குடிகள். உள்குடி ஆவதற்குக் காத்திருப்பவர்கள். அவர்களைப் பற்றிப் பேசுமுன், நம் கொம்யூன்களிலேயே நடந்த ஒரு காத்திருப்பைச் சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறிற்று. இவ்வளவும் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பலர் கவனியாதது அதற்கடுத்த பகுதி. கை மாறியது நிருவாகந்தான். சட்டப்படியான உரிமை மாறவில்லை. உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாயிற்று. பிரான்சின் பாராளுமன்றம் அதனை ஏற்று, அது நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்டு 16-இல். இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், பாகூர் வயலில் நாற்று நட்ட மனிதரை ஆண்டது இந்திய சர்க்கார். சட்டத்தின் கண்ணில் அவர் பிரெஞ்சுப் பிரஜை. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது ஐயந்தான்.

உடன்படிக்கையின் விதி இது. இப்பகுதிகளில் பிறந்து, 1962 ஆகஸ்டு 16-இல் இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்றே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலமாக அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்காகத் தந்தையின் அறிவிப்பே தீர்மானிக்கும். தவணை 1963 பிப்ரவரி நடுவில் முடிந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. என் பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சைகோனில் இருந்தவர். பெரியப்பா பிறந்தது சைகோனில். என் தந்தையார் பிறந்தது பாகூரில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கூடத்தில் உண்டு உறங்கியவர்கள். பெரியப்பா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்பகுதிக்கு வெளியே பிறந்தவராதலால் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்தார். என் தந்தையாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே பிறந்தவராதலால் இந்தியர் ஆனார். இருவர் செய்ததும் ஒன்றே, அதாவது ஒன்றும் செய்யாதிருந்தது. விளைவு இரண்டு. ஏன் எழுதவில்லை என்று பிற்காலத்தில் தந்தையாரைக் கேட்டேன். "கார்த்திகையில் ஏரிக்கரை உடைப்பெடுக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தையில் அறுவடை. ஆறு மாதம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை" என்றார். வருத்தத்தோடு சொன்னாரா, நகைச்சுவையாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. இந்தியனாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அதனைத் தேர்ந்து எடுத்திருக்கலாமே என்பதுதான் என் எண்ணம்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அந்நாட்டில் மக்கள் பெரும்பாலும் சில பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களில் மருத்துவமனை உண்டு, தாதியர் போதவில்லை. பள்ளி உண்டு, ஆசிரியர் போதவில்லை. ஆகவே அரசு ஓர் ஒப்பந்தம் போல ஒரு விசாவை ஏற்படுத்திற்று. 491 என்பது அதன் எண். 2019 நவம்பர் 16-இல் தொடங்கியது. தொழில் தேர்ச்சி உடையவர்களுக்கு, வட்டாரப் பகுதியில் வாழ்ந்து உழைக்க, ஐந்து ஆண்டுக்கு வழங்கப்படும் தற்காலிக அனுமதி அது. வயது 45-க்குள் இருக்க வேண்டும். தொழிற்றகுதி மதிப்பீடு வேண்டும். ஆங்கிலத் தேர்வு வேண்டும். புள்ளிக் கணக்கில் குறைந்தது 65 பெற வேண்டும். ஒரு மாநில அரசோ, வட்டாரப் பகுதியில் வாழும் உரிய உறவினரோ பரிந்துரைத்தால் அதற்கென்றே 15 புள்ளிகள் கிடைக்கும். 65 என்பது வாசற்படி மட்டுமே. அழைப்பு வருவதற்கு அதனினும் மிகுதி வேண்டியிருப்பது வழக்கம்.

வட்டாரப் பகுதி என்றதும் பொட்டல் காடு என்று எண்ணிவிடாதீர்கள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகர்கள் நீங்கலாக ஏனைய ஆஸ்திரேலியா முழுவதுமே இக்கணக்கில் வட்டாரப் பகுதிதான். பெர்த்தும் அடிலெய்டும் தலைநகரான கான்பராவுங்கூட அதில் அடங்கும். தலைநகரையே நாட்டுப்புறத்தோடு சேர்த்த சட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை!

இந்த அனுமதியை மூன்றாண்டு வைத்திருந்து, விதிகளுக்கு உட்பட்டு நடந்து, மூன்று வருமான ஆண்டுகளுக்கு வரி மதிப்பீட்டு அறிவிப்புகளைக் காட்டினால், 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வழி 2022 நவம்பரில் திறந்தது. விண்ணப்பிக்கும் நாளில் 491 கையில் உயிரோடு இருக்க வேண்டும். அதாவது மூன்றாம் ஆண்டு முடிவுக்கும் ஐந்தாம் ஆண்டு முடிவுக்கும் இடையே உள்ள இரண்டாண்டுதான் வாயில். அன்று பாகூரில் வாளாவிருந்தவர் ஒரு நாட்டின் குடிமகனாகவேனும் ஆனார். இங்கே வாளாவிருந்தவருக்கு அனுமதி காலாவதியாகும், அவ்வளவே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த 191-க்கு எந்த முதலாளியின் பரிந்துரையும், எந்த மாநிலத்தின் பரிந்துரையும் தேவையில்லை. பணம் கொடுத்தால் அதற்குப் பரிந்துரை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டத்தை அறியாதவர்; அல்லது உங்களை நன்கு அறிந்தவர்.

வில்லியனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என்னிடம் பயின்றவள், தாதித் தொழில் கற்று, 2022 ஜூலையில் இந்த விசாவைப் பெற்றாள். ஆகஸ்டில் கணவனோடு தென் ஆஸ்திரேலியாவில் உள்ள மவுண்ட் காம்பியர் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். எரிமலை வாயில் தேங்கிய ஏரி ஒன்று அங்கே உண்டு. குளிர்காலமெல்லாம் சாம்பல் நிறமாகக் கிடந்து, நவம்பர் வாக்கில் கண்ணைப் பறிக்கும் நீலமாக மாறும். அதனால் நீல ஏரி என்றே பெயர். "ஐயா, நம்ம ஏரியில் தண்ணீர் மாறும், இங்கே நிறம் மாறுகிறது" என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு மருத்துவமனையில் வேலை இருந்தது. கணவன் கணினித் தொழிலர். அவ்வூரில் அவனுக்கு ஏற்ற உத்தியோகம் கிடைக்கவில்லை. ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினான். 2024-இல், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மெல்போர்னில் நல்ல சம்பளத்தில் ஒரு வேலை கிடைப்பதாயிற்று. இரவு தொலைபேசியில் கேட்டாள்: "அவர் மட்டும் போகலாமா, ஐயா? விசாவுக்கு மனுப் போட்டவள் நான்தானே? அவர் என் குடும்பத்தவர் என்ற முறையில்தானே வந்தார்?"

விதியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். வாழ்வதும் வேலை செய்வதும் கல்வி கற்பதும் வட்டாரப் பகுதியிலேயே என்ற நிபந்தனை, விசா பெற்ற குடும்பத்தார் ஒவ்வொருவரையும் கட்டும். போகக்கூடாது என்றேன். சொல்வது எளிது. மூன்று ஆண்டு பெட்டி அடுக்குவது நான் அல்லவே!

அப்படிச் சொன்னதற்குக் காரணம், பாகூரிலேயே எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதி. அவன் 2020-இல் இந்த விசா பெற்றவன். வட்டார ஊரில் ஓராண்டு வேலை தேடினான். அவன் தொழிலுக்கு அங்கே ஆள் தேவை என்று சொல்லித்தான் அழைத்தார்கள். ஆனால் வேலை கொடுப்போர் உள்ளூர் அனுபவம் எங்கே என்று கேட்டார்கள். வாழ உரிமை தந்த சட்டம் வேலைக்கு உறுதி தரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிட்னிக்குப் போய்விட்டான். நண்பன் வீட்டு முகவரியைக் காகிதத்தில் மட்டும் வைத்துக்கொண்டான். நிரந்தர விசாவுக்கு மனுச் செய்தபோது, சம்பளச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் சிட்னியைக் காட்டின. மனு தள்ளுபடி ஆயிற்று. ஐந்தாண்டும் கழிந்து, 2025-இல் ஊர் திரும்பினான். பொய் முகவரியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவன் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அடிலெய்டுக்கோ பெர்த்துக்கோ போயிருந்தால் நிபந்தனை மீறப்பட்டிராது. அவற்றில் அவன் தொழிலுக்கு இடமும் இருந்திருக்கலாம். அதனை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அவனுக்கு மனு எழுதிக் கொடுத்த முகவர் கட்டணத்தைப் பெற்றதோடு சரி.

ஆகவே அந்தப் பெண்ணிடம் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி வைக்கச் சொன்னேன். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, வரி மதிப்பீடு, எல்லாம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் எங்கள் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாக அளித்த செய்தியைச் செப்பேட்டில் வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அது பேசுகிறது. மின்கட்டண ரசீது அவ்வளவு நாள் வாழ வேண்டியதில்லை. மூன்றாண்டு வாழ்ந்தால் போதும்.

அந்நாட்டில் வருமான ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அவள் கணக்கில் 2022-23, 2023-24, 2024-25 என மூன்று ஆண்டுகள். ஆகவே 2025 ஜூலைக்கு முன் கையில் ஒன்றும் முழுமையாக இராது.

இதற்கிடையே, 2025 மார்ச்சில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வாழ்த்துச் சொன்னேன். அப்போது அவள் கேட்ட கேள்வி என்னைச் சைகோனுக்கே கொண்டுபோயிற்று. "ஐயா, குழந்தை இங்கே பிறந்தவள். இவள் எந்த நாட்டவள்?"

பெற்றோரில் ஒருவரேனும் ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருக்கும்போது அங்கே பிறக்கும் குழந்தை, பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமகவு. தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்குப் பிறந்தது அப்படியன்று. பெற்றோரின் விசா எதுவோ அதுவே அதற்கும். பத்து வயது வரை அங்கேயே வளர்ந்தால் தானாகக் குடியுரிமை வரும் என்பது வேறொரு வழி. அவளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ நிரந்தர விசா வந்தபின் பிறந்தால், அந்தக் குழந்தை தொட்டிலிலேயே ஆஸ்திரேலியக் குடிமகவு. என் பெரியப்பாவைப் பிரித்தது பிறந்த ஊர்; இக்குழந்தையைப் பிரிக்கப்போவது பிறந்த மாதம்.

நிரந்தர விசா பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார். விரும்பினால் சிட்னியிலும் வாழலாம். நாட்டை விட்டுப் போய்த் திரும்பும் உரிமை மட்டும் முதலில் ஐந்தாண்டுக்கு. பிறகு திரும்பிவரும் விசா தனியே பெற வேண்டும். முறைப்படி நான்காண்டு வாழ்ந்து, அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வாசியாக இருந்தவர், இடையில் நெடுநாள் வெளிநாடு போகாதிருந்தால், குடியுரிமைக்கும் மனுச் செய்யலாம். அங்கேதான் நிதானம் வேண்டும். நம் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் அக்கணமே இந்தியக் குடிமகன் அல்லாதவர் ஆகிறார். கடல் கடந்த இந்தியர் என்ற அட்டை கிடைக்கும். அதைக் கொண்டு தடையின்றி வந்து போகலாம். ஆனால் வில்லியனூர் சாவடியில் ஓட்டுப் போட முடியாது. பாகூரில் வயல் வாங்க முடியாது.

இதையெல்லாம் அவளுக்கு எழுதினேன். "அதைக் குழந்தைக்குப் பேச வந்த பிறகு யோசிக்கிறோம், ஐயா" என்று பதில் வந்தது. மெல்போர்ன் வேலையைக் கணவன் விட்டுவிட்டான். பண்டகசாலையில் இப்போது கணக்குப் பார்க்கும் இடத்துக்கு உயர்ந்திருக்கிறானாம்.

மூன்றாவது வரி மதிப்பீட்டு அறிவிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் மூவருக்குமாக மனுச் செய்துவிட்டாள். மனு சேர்ந்ததற்கான தாளின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். அதன் அடியில், ஏரி இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.