நாம் ரசித்த கதைகளும் நம்முடைய கதைகளும்

(தென்காசியில் சாரல் காலத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெளியே சாரல் அடிக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு, ஷிப்டு முடிந்த களைப்போடும் நாற்று நட்ட இடுப்பு வலியோடும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீண்ட பிரசங்கம் செய்யும் உத்தேசம் நமக்கில்லை. நமக்குப் பிடித்த சில நாவல்களையும் சில சினிமாக்களையும் பற்றிப் பேசுகிறோம். ஏன் பிடித்தது என்பதையும் சொல்கிறோம். ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுந்து மறுக்கலாம்.

பஞ்சாலைத் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்துல நிக்கேன். ராத்திரியும் மெஷின் கதையையே படிக்கணுமா அண்ணாச்சி? பாட்டும் சண்டையும் உள்ள படம் போதும் எனக்கு." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி அது. உழைத்துக் களைத்த மனிதனுக்குச் சந்தோஷம் வேண்டாமா? வேண்டும். அதை மறுப்பவன் உழைப்பை அறியாதவன். ஆனால் எது சந்தோஷம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரசனை யாருடைய சொத்து?

ரசிப்பதற்குப் படிப்பும் பணமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். குற்றாலத்துச் சித்திர சபையில் நடராஜர் சுவரில் சித்திரமாக நிற்கிறார். சுவரெல்லாம் புராணக் கதைகள். எழுத்தறியாதவனும் நின்று பார்த்துக் கதை தெரிந்துகொண்டான். டாக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த படக்கதை அது. கோவிலுக்குள் நுழையவே அனுமதி இல்லாத ஜனங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்து, பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் 'குற்றாலக் குறவஞ்சி' பாடியவர். அதில் வசந்தவல்லி என்ற சீமாட்டி காதலில் வாடுகிறாள். நமக்குப் பிடித்தவள் அவளல்ல, குறத்தி சிங்கிதான். தன் மலையைப் பற்றி என்ன பெருமையோடு பேசுகிறாள்! அவளைத் தேடி வரும் சிங்கன் வயல் வயலாகக் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். தெய்வத்தைப் பாட வந்த கவிராயர் பிழைப்புக்கு அலையும் புருஷனையும் பெண்சாதியையும் உள்ளே கொண்டுவந்தார். நூல் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு அவர்களும் காரணம் என்பது நம் எண்ணம்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த டி.கே.சி.யை 'ரசிகமணி' என்றே நாடு அழைத்தது. கவிதையை வாய்விட்டுப் படித்து, கேட்பவர் மனதில் இறங்கச் செய்வது அவர் வழி. அவரைத் தேடி வந்தவர்களில் இடைசெவல் கி. ராஜநாராயணனும் ஒருவர். கரிசல் காட்டு விவசாயி. விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்னால் 1976-ல் 'கோபல்ல கிராமம்' என்ற நாவலைத் தந்தார். கரிசல்காட்டுச் சம்சாரி குற்றாலத்துக்கு வந்து கம்பனை ரசித்தான். ஊருக்குத் திரும்பித் தன் ஜனங்களின் பேச்சிலேயே கதை எழுதினான். ஆகவே ரசனை என்பது பங்களாக்காரர்களின் தனிச் சொத்து அல்ல.

தறியும் மரக்காலும்

இனி நாவல்களுக்கு வருவோம். முதலாவது, திருநெல்வேலி தொ.மு.சி. ரகுநாதன் 1953-ல் எழுதிய 'பஞ்சும் பசியும்'. நம் பக்கத்து அம்பாசமுத்திரத்து நெசவாளிகளின் கதை. அந்த நாளில் நூல் கிடைப்பது கஷ்டம். நெய்த துணி விலை போகவில்லை. தமிழ்நாட்டு நெசவாளிகள் கஞ்சித் தொட்டி முன்னால் நிற்கும்படி ஆயிற்று. ஊருக்கெல்லாம் துணி நெய்தவன் ஏனத்தை ஏந்தினான். பத்திரிகையில் இது நான்கு வரிச் செய்தி. நாவலில் இது ஒரு வீடு, ஒரு தகப்பன், ஒரு மகன், விளக்கேற்ற வழியில்லாத ஒரு சாயங்காலம்.

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நெசவாளி ஒருவருக்கு இந்த நாவலை நாம் படித்துக் காட்டினோம். பாதியில் நிறுத்தச் சொன்னார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தோம். "இல்லை. எங்க அப்பா ஏன் ஒருநாளும் பேசாமலே இருந்தார்னு இப்பத்தான் புரியுது" என்றார். இதைவிடப் பெரிய விமர்சனம் எந்தப் பண்டிதரால் எழுத முடியும்?

இரண்டாவது, டி. செல்வராஜின் 'மலரும் சருகும்'. இவரும் நெல்லைச் சீமைக்காரர். நிலக்காரன் நெல் அளந்து வாங்க ஒரு மரக்கால் வைத்திருக்கிறான். கணக்குப்படி ஒரு மரக்கால்தான், பாத்திரமோ பெரிது. அளவிலேயே களவு! முத்திரை குத்திய சரியான மரக்காலால் அள என்று குடிகள் எழுந்து நின்றதே நாவலின் மையம். சுரண்டல் என்ற வார்த்தையை நூறு கூட்டங்களில் நாம் சொல்லியிருக்கிறோம். அந்த மரக்காலைப் பார்த்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. இதே செல்வராஜ் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. சுண்ணாம்பிலும் தோலிலும் கை வெந்தவர்களின் கதை டில்லி வரை போயிற்று.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொழிலாளியைப் பற்றியது என்பதால் மட்டும் ஒரு புத்தகம் நல்ல புத்தகம் ஆகிவிடாது. கதாநாயகன் வாயைத் திறந்தால் துண்டுப் பிரசுரம் வருகிறது. முதலாளி உள்ளே வரும்போதே பல்லைக் கடிக்கிறான். இப்படிப்பட்ட கதைகளும் நம் பக்கத்தில் உண்டு. அவற்றைக் கருத்துக்காகப் பாராட்டுவது தோழமை ஆகாது. உப்பில்லாத கஞ்சியை 'நம் வீட்டுக் கஞ்சி' என்று சொல்லிக் குடிக்கலாம். விருந்தாளிக்கு வைக்கலாமா?

கொட்டகைக்குள்ளே

இப்பொழுது சினிமா. 1964-ல் 'தொழிலாளி', 1967-ல் 'விவசாயி' என்ற பெயர்களிலேயே எம்.ஜி.ஆர். படங்கள் வந்தன. நம் தகப்பன்மார்கள் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அவர்களைக் கேலி செய்ய நாம் தயாராக இல்லை. வேலைக்காரன் என்று ஏசப்பட்டவன் திரையில் தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பதில் ஒரு மானம் இருக்கிறது. அந்த மானத்துக்குத்தான் கைதட்டினார்கள். ஆனால் அங்கே எல்லாக் காரியத்தையும் கதாநாயகன் ஒருவனே முடித்துவிடுகிறான். மற்றவர்களுக்கு மிஞ்சுவது கைதட்டுவது ஒன்றே.

1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' வேறு மாதிரிப் படம். வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன படம். அதற்கு மத்திய அரசின் நற்சான்றும் கிடைத்தது. அப்படியும் பெரிய ஓட்டம் ஓடவில்லை. ஆனால் தென்னை மரத்து ஊஞ்சலை வைத்து ஜெயகாந்தன் எழுதிய பாட்டு இன்னும் ரேடியோவில் கேட்கிறது. படம் போன இடம் தெரியாதவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள்.

நம் சீமையும் சினிமாவில் குறைவாக வரவில்லை. 1992-ல் வந்த 'ரோஜா'வில் கதாநாயகியின் ஊர் பெயரே சுந்தரபாண்டியபுரம். நம் அருவியும் சூரியகாந்திக் காடும் எத்தனையோ காதல் பாட்டுகளுக்குப் பின்னணியாக நின்றிருக்கின்றன. வயல் அழகாகத் தெரிகிறது. நட்டவள் முகத்தருகே காமிரா வந்த படங்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்படி வந்த ஒரு படம் 2024-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'வாழை'. தாமிரபரணிக் கரையில் வாழைத்தார் சுமக்கும் ஜனங்களின் கதை. பள்ளிக்கூடம் போகும் பையன்கள் லீவு நாளில் தார் சுமக்கிறார்கள். ஒருவன் ரஜினி ரசிகன், மற்றவன் கமல் ரசிகன். இருவருக்கும் ஓயாத சண்டை. கழுத்து வலியோடு அந்தப் பிள்ளைகள் சினிமாவைப் பற்றிச் சண்டை போடுவதைப் பார்த்து நாம் சிரித்தோம். அடுத்த நிமிஷமே தொண்டை அடைத்தது.

அந்தப் படத்தில் கூலி விஷயம் ஒன்று வருகிறது. தாருக்கு ஒரு ரூபாயாக இருந்த கூலியை இரண்டாக்கு என்று ஜனங்கள் கேட்டு ஜெயிக்கிறார்கள். கொடுத்த ரூபாயை வியாபாரி எங்கே பிடிக்கிறான்? ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகட்டும் என்கிறான். லாரி கவிழ்கிறது. ஒரு ரூபாயின் விலை எத்தனை உயிர் என்று யாரும் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. செய்திருந்தால் நாம் மறந்திருப்போம்.

தோழரின் கேள்விக்குப் பதில்

இப்பொழுது அந்தப் பஞ்சாலைத் தோழருக்குச் சொல்கிறோம். மெஷினைப் பார்க்க யாரும் நாவல் படிக்க வேண்டியதில்லை. மெஷின் முன்னால் நிற்கிறவனைப் பார்க்கத்தான் படிக்க வேண்டும். அவனுடைய வெட்கம், அவனுடைய காதல், மகளுக்குச் செருப்பு வாங்க முடியாத கோபம், பக்கத்து மெஷின்காரனோடு போட்ட பந்தயம் — இவற்றை ஷிப்டு நேரத்தில் நின்று பார்க்க நமக்கு ஏது அவகாசம்? கதையில்தான் அதற்கு நேரம் கிடைக்கிறது. 'என் வாழ்க்கையும் கதையாகத் தகுந்த வாழ்க்கைதான்' என்று தெரிந்துகொள்வதும் ஒரு சந்தோஷம். பாட்டும் சண்டையும் உள்ள படத்துக்கும் போங்கள், விசில் அடியுங்கள். ஆனால் வருஷம் முழுவதும் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கே மொய் எழுதிக்கொண்டிருந்தால், நம் வீட்டில் விளக்கேற்றுவது எப்பொழுது?

முடிவாக ஒரு யோசனை. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் திண்ணையில் கூடி உட்காருகிறார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி நாளைக்கு ஒரு அத்தியாயம் வாய்விட்டுப் படிக்கட்டும். 'பஞ்சும் பசியும்' நாவலில் தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு எடுங்கள். நூலகத்தில் இல்லை என்றால் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். கேட்பாரில்லாத புத்தகத்தை யார் வாங்கி வைப்பார்கள்?

படித்து முடித்த பிறகு, "எங்க தெருவுல இதைவிடப் பெரிய கதை ஒண்ணு நடந்துது" என்று யாராவது ஒரு அக்காள் நிச்சயம் சொல்வாள். அப்பொழுது பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவள் சொல்கிறபடியே, அவள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் படிக்கப் போகிறோம்.